இரண்டு கம்பியில் பதினாறு ஸ்விட்ச்: கடைமடை வயலின் உப்பை அளக்க ஏடிஜி715

மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ல் திறக்கிறது. கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, கிளை வாய்க்கால்களில் இறங்கி, வேதாரண்யம், தலைஞாயிறு பக்கத்துக் கடைமடைக்கு அந்தத் தண்ணீர் வந்து சேரும்வரை போர் தண்ணீர்தான் கதி. அந்தப் போரில் ஊறுவது நல்ல தண்ணீரா உவர்த் தண்ணீரா என்பது நாற்றங்கால் விடுவதற்கு முன்பே தெரிய வேண்டும். நாக்கில் வைத்துப் பார்த்தால் கரிக்கிறதா இல்லையா என்று மட்டும்தான் சொல்ல முடியும். நெல்லுக்கு அது போதாது. மண்சாற்றின் (மண்ணை நீரில் ஊறவைத்துப் பிரித்த நீரின்) ஈசி, அதாவது உப்பு கூடக் கூட ஏறும் மின்கடத்துத்திறன், மீட்டருக்கு 3 டெசி சீமென்ஸைத் தாண்டினாலே மகசூல் குறையத் தொடங்குகிறது. அதற்குமேல் ஏறும் ஒவ்வொரு டெசி சீமென்ஸுக்கும் சுமார் 12 சதவீதம் போகிறது. இரண்டுக்கும் மூன்றுக்கும் உள்ள வித்தியாசத்தை நாக்கு சொல்லாது.

போர், வாய்க்கால், வயலில் இறக்கிய குழாய், வடிகால் என்று நான்கு இடத்துத் தண்ணீரை ஒரே கருவியால் மாறி மாறி அளப்பதே இந்த வழிகாட்டியின் வேலை. அதற்கு நடுவில் இருப்பது ஐ2சி என்ற இரண்டு கம்பித் தொடர்பு வழியாக இயங்கும் அனலாக் ஸ்விட்ச் சிப். அனலாக் டிவைசஸ் நிறுவனத்தின் ஏடிஜி715-ஐ எடுத்துக்கொள்வோம். ஒரு சிப்புக்குள் எட்டுத் தனித்தனி ஸ்விட்ச் இருக்கின்றன. எஸ்டிஏ, எஸ்சிஎல் என்ற இரண்டு கம்பியில் ஒரு பைட் அனுப்பினால் எட்டும் அதன்படி திறக்கும் அல்லது மூடும். அதே குடும்பத்து ஏடிஜி714 எஸ்பிஐ என்ற வேறு தொடர்பு முறையில் இயங்குவது. வாங்கும்போது கடைசி எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

ஏன் இந்த சிப்?

பழைய சிடி4051-ஐ 5 வோல்ட்டில் ஓட்டினால் மூடிய ஸ்விட்சின் தடையே நூற்றுக்கணக்கான ஓம் இருக்கும். 74எச்சி4051-ல் அது சில பத்து ஓம்களாகக் குறையும். ஏடிஜி715-ல் 5 வோல்ட்டில் சுமார் 2.5 ஓம்தான். அளக்கும் பொருள் 10 கிலோ ஓம் தெர்மிஸ்டராக இருந்தால் இந்த வித்தியாசம் பெரிதில்லை, மலிவான சிப்பையே போடலாம். தண்ணீரின் கதை வேறு. புரோப் என்பது தண்ணீரில் முங்கும் இரண்டு கம்பி, அவற்றின் அளவும் இடைவெளியும் சேர்ந்து தரும் எண்தான் செல் மாறிலி. ஒரு சென்டிமீட்டருக்கு ஒன்று என்ற செல் மாறிலி கொண்ட புரோபில் 1 டெசி சீமென்ஸ் தண்ணீர் 1000 ஓம் காட்டும், 5 டெசி சீமென்ஸ் 200 ஓம் காட்டும். கடல்நீர் 50-ஐத் தொடும். அப்போது 20 ஓம்தான். 20 ஓமை அளக்கப் போகிற வழியில் 400 ஓம் ஸ்விட்ச் உட்கார்ந்திருந்தால் நாம் தண்ணீரை அளக்கவில்லை, ஸ்விட்சை அளக்கிறோம்.

2.5 ஓமும் சும்மா இருக்காது. வழியில் எந்த இடத்தில் எத்தனை ஓம் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு கழிப்பதுதான் இந்த வேலையின் உயிர். அதைக் கீழே விரிவாகப் பார்ப்போம்.

வேண்டிய பொருள்கள்

ஆர்டுயினோ ஊனோ (கோடை ஓட்டும் சிறு கணிப்பலகை) 1, ஏடிஜி715 சிப் 2, அவற்றுக்கு 24 கால் டிஎஸ்எஸ்ஓபி அடாப்டர் பலகை 2 (கால் இடைவெளி 0.65 மில்லிமீட்டர்). ஒரு சதவீத மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர்களில் 330 ஓம், 1 கிலோ ஓம், 3.3 கிலோ ஓம், 10 கிலோ ஓம் ஒவ்வொன்று. 0.1 சதவீத 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் 2. ஒன்று பலகையிலேயே இருக்கும், மற்றொன்று அளவுத்திருத்தத்துக்கு. புல்-அப்புக்கு (ஐ2சி கம்பிகளை 5 வோல்ட்டுக்கு இழுத்துப் பிடிக்க) 4.7 கிலோ ஓம் 2, ரீசெட் காலுக்கு 10 கிலோ ஓம் 1. ஒவ்வொரு சிப்புக்கும் 100 நானோ ஃபாரட் செராமிக் கெபாசிட்டர், மொத்தத்துக்கு 10 மைக்ரோ ஃபாரட் ஒன்று. வெப்பநிலைக்கு நீர் புகாத டிஎஸ்18பி20. புரோபுக்கு 316 ரக ஸ்டெயின்லெஸ் கம்பி, 4 மில்லிமீட்டர் தடிமனில்.

சிப்பின் கால்கள் நெருக்கமானவை. ஃப்ளக்ஸ் தாராளமாகத் தடவுங்கள். மூலைக்கு ஒரு கால் பற்றவைத்து நேர் பார்த்த பிறகு மற்றவற்றை இழுத்துப் பற்றவையுங்கள். இரண்டு கால் ஒட்டிக்கொண்டால் செம்புப் பின்னலால் ஈயத்தை உறிஞ்சுங்கள். முடிந்ததும் பக்கத்துப் பக்கத்துக் கால்களை மல்டிமீட்டரின் பீப் ஒலியில் ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். இந்த ஐந்து நிமிடத்தைத் தவிர்த்தவர்கள் பிறகு கோடில் குற்றம் தேடி ஒரு நாளைத் தொலைக்கிறார்கள்.

முகவரி: முதல் சறுக்கல்

ஏடிஜி715-ன் ஏழு பிட் முகவரி 10010 என்று தொடங்குகிறது. கடைசி இரண்டு பிட்டை ஏ1, ஏ0 கால்கள் முடிவு செய்யும். இரண்டும் தரையில் இருந்தால் 1001000, அதாவது 72. ஏ0-வை மட்டும் 5 வோல்ட்டில் கட்டினால் 73. ஆக 72 முதல் 75 வரை நான்கு சிப்பை ஒரே இரண்டு கம்பியில் தொங்கவிடலாம். அது 32 ஸ்விட்ச். நமக்கு இரண்டு சிப் போதும்: முதலாவது 72, இரண்டாவது 73.

இங்கே மூன்று குழப்பம் வரும். ஒன்று, பதினறும முறையில் இதே முகவரியை 48 என்று எழுதுவார்கள். அதைப் பார்த்துவிட்டுப் பதின்ம எண்ணாக 48 என்று கோடில் போட்டால் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். இரண்டு, சில ஆவணங்கள் எழுது பிட்டையும் சேர்த்து 144 என்றும், படி பிட்டோடு 145 என்றும் குறிக்கும். ஆர்டுயினோவில் ஐ2சி-யை நடத்தும் வயர் நூலகத்துக்கு ஏழு பிட் எண்தான் வேண்டும், 72.

மூன்றாவதுதான் பெரியது. பலரும் கையில் வைத்திருக்கும் ஏடிஎஸ்1115 ஏடிசி (மின்னழுத்தத்தை எண்ணாக்கும்) பலகையும் 72 முதல் 75 வரையே வாழ்கிறது. எல்எம்75 வெப்பநிலை சிப், பிசிஎஃப்8591 இரண்டும் 72-லிருந்தே தொடங்குகின்றன. இரண்டு சிப் ஒரே முகவரியில் இருந்தால் இரண்டும் சேர்ந்தே தலையாட்டும். ஸ்கேன் செய்தால் எல்லாம் சரியாக இருப்பது போலத்தான் தெரியும். ஸ்விட்சுக்கு அனுப்பும் பைட்டை ஏடிசியும் எடுத்துக்கொண்டு தாறுமாறாக நடக்கும். ஏடிஎஸ்1115 அவசியம் வேண்டுமென்றால் அதன் முகவரிக் காலை எஸ்டிஏ-வில் கட்டி 74-க்குத் தள்ளுங்கள். ஆனால் இந்த வேலைக்கு அது ஒத்துவராது. நொடிக்கு 860 அளவுதான் அதன் உச்சம், நமக்குத் தேவை அதைவிட வேகம்.

மின்சுற்று

இரண்டு சிப்புக்கும் 5 வோல்ட். ஒற்றை சப்ளையில் ஓட்டுவதால் விஎஸ்எஸ் காலைத் தரையோடு சேர்த்துவிடுங்கள். அந்தக் காலைத் தொங்கவிட்டால் ஸ்விட்சுகள் நம்பகமாக நடக்காது. ரீசெட் கால் தாழ்ந்தால் எல்லா ஸ்விட்சும் திறந்துவிடும். அதை 10 கிலோ ஓம் வழியாக 5 வோல்ட்டுக்கு இழுத்து, ஊனோவின் 7-ஆம் காலுக்கும் கொண்டுபோங்கள். எஸ்டிஏ ஊனோவின் ஏ4-க்கும், எஸ்சிஎல் ஏ5-க்கும் போகும். இரண்டுக்கும் 4.7 கிலோ ஓம் புல்-அப், மொத்த பஸ்ஸுக்கும் (இந்த இரண்டு கம்பிப் பாதைக்கும்) ஒரே ஒரு ஜோடி. அடாப்டர் பலகைகளில் ஏற்கெனவே புல்-அப் இருந்தால் எண்ணிப் பார்த்துக் கழற்றுங்கள்.

ஊனோவுக்குப் பதில் ஈஎஸ்பி32 பலகை வைத்திருப்பவர்கள் சிப்பை 5 வோல்ட்டில் விட்டுக் கட்டுப்பாட்டை மட்டும் 3.3-ல் கொடுக்காதீர்கள். ஐ2சி-யில் உயர்நிலை என்று ஏற்க சப்ளையில் 0.7 பங்கு வேண்டும், 5 வோல்ட்டுக்கு அது 3.5. மேஜையில் ஓடும், வெயிலில் படுத்துவிடும். எல்லாவற்றையும் 3.3-லேயே ஓட்டுங்கள். ஸ்விட்ச் தடை கொஞ்சம் கூடும், கீழே சொல்லும் திருத்தம் அதையும் சேர்த்துக் கழித்துவிடும்.

சிப்பில் ஒவ்வொரு ஸ்விட்சுக்கும் எஸ், டி என்று இரண்டு முனை. எஸ்1-க்கும் டி1-க்கும் நடுவில் முதல் ஸ்விட்ச், இப்படியே எட்டு. முதல் சிப் அளவு வரம்பைத் தேர்ந்தெடுக்கிறது. டி1 முதல் டி4 வரை ஒன்றாகச் சேர்த்து ஊனோவின் 8-ஆம் காலில் கொடுங்கள். எஸ்1-ல் 330 ஓம், எஸ்2-ல் 1 கிலோ, எஸ்3-ல் 3.3 கிலோ, எஸ்4-ல் 10 கிலோ. இந்த நான்கு ரெசிஸ்டரின் மறுமுனைகளும் சேரும் இடத்தை நடுப்புள்ளி என்று அழைப்போம். அது ஊனோவின் ஏ0 அனலாக் காலுக்குப் போகிறது. எஸ்5 நடுப்புள்ளியிலும், டி5 பலகையிலுள்ள 0.1 சதவீத 1 கிலோவின் ஒரு முனையிலும். அந்த 1 கிலோவின் மறுமுனை ஊனோவின் 9-ஆம் காலில்.

இரண்டாவது சிப் புரோபைத் தேர்ந்தெடுக்கிறது. எஸ்1, எஸ்3, எஸ்5, எஸ்7 நான்கும் நடுப்புள்ளியில். எஸ்2, எஸ்4, எஸ்6, எஸ்8 நான்கும் 9-ஆம் காலில். டி1, டி2 முதல் புரோபின் இரண்டு கம்பி, டி3, டி4 இரண்டாவதின் கம்பி, இப்படியே.

ஒரு புரோபுக்கு ஒரு ஸ்விட்ச் போதாதா, இன்னொரு கம்பியை எல்லாவற்றுக்கும் பொதுவாக வைத்தால் எட்டுப் புரோப் கிடைக்குமே என்ற ஆசை எல்லோருக்கும் வரும். போர், வாய்க்கால், வயல், வடிகால் என்று நாம் நான்காகப் பார்த்தாலும் மின்சாரத்துக்கு அது ஒரே ஈரமான நிலம். முதல் புரோபின் ஒரு கம்பியில் கிளம்பும் மின்னோட்டம் அதன் ஜோடிக் கம்பிக்கு மட்டும் போகாது. சேற்று வழியாக நடந்து பக்கத்துப் புரோபின் பொதுக் கம்பியிலும் இறங்கும். வயலில் தண்ணீர் கட்டியிருக்கும் நாளில் ஒரு எண், வற்றிய நாளில் வேறு எண் வரும். இரண்டு கம்பியையும் துண்டித்தால்தான் அளக்கிற புரோப் மட்டும் சுற்றில் இருக்கும். எட்டு ஸ்விட்சுக்கு நான்கு புரோப் என்பது வீண் செலவு இல்லை.

பைட்டின் கணக்கு

சிப்புக்கு அனுப்பும் ஒரே பைட்டில் கடைசி பிட் எஸ்1, முதல் பிட் எஸ்8. ஒன்று என்றால் மூடு, பூஜ்யம் என்றால் திற. மின்சாரம் வந்தவுடன் எல்லாம் திறந்தே இருக்கும்.

முதல் சிப்: 330 ஓம் வரம்புக்கு 1, 1 கிலோவுக்கு 2, 3.3 கிலோவுக்கு 4, 10 கிலோவுக்கு 8. சோதனை ரெசிஸ்டரையும் சேர்க்க 16-ஐக் கூட்டுங்கள். இரண்டாவது சிப்: முதல் புரோப் 3, இரண்டாவது 12, மூன்றாவது 48, நான்காவது 192.

வயர் நூலகத்தில் பிகின்-டிரான்ஸ்மிஷனுக்கு முகவரி, ரைட்டுக்குப் பைட், பிறகு எண்ட்-டிரான்ஸ்மிஷன். இந்தக் கடைசி அழைப்பு திருப்பித் தரும் எண்ணைக் கண்டிப்பாகப் பாருங்கள். 0 என்றால் போய்ச் சேர்ந்தது. 2 என்றால் அந்த முகவரியில் யாரும் இல்லை. 3 என்றால் முகவரிக்குப் பதில் வந்தது, பைட்டை ஏற்கவில்லை. இதோடு நிறுத்தாமல் ரிக்வெஸ்ட்-ஃப்ரம் கொண்டு அதே சிப்பிலிருந்து ஒரு பைட் படியுங்கள். ஏடிஜி715 தன் நிலையைத் திருப்பிச் சொல்லும். அனுப்பியதும் படித்ததும் ஒன்றாக இருந்தால்தான் அளவைத் தொடங்க வேண்டும்.

வயலில் இது ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், பக்கத்திலேயே மும்முனை மோட்டார் இருக்கும். ஸ்டார்ட்டர் படாரென்று ஒட்டும் கணத்தில் சப்ளையில் வரும் அதிர்ச்சியால் சிப் ரீசெட் ஆகி எல்லா ஸ்விட்சும் திறந்துவிடலாம். படித்துப் பார்க்காத கோட் அதைத் தண்ணீர் இல்லாத நிலை என்று பதிவு செய்துவிடும்.

ஒரு அளவை எப்படி எடுப்பது

தண்ணீரில் நேர்மின்சாரம் விட்டால் கம்பிகளில் குமிழ் வரும், உலோகம் அரிக்கும், அளவு நகர்ந்துகொண்டே போகும். ஆகவே 8, 9 இரண்டு காலையும் எதிரெதிராக ஆட்டி மாறுதிசை உண்டாக்குகிறோம்.

1. 8, 9 இரண்டையும் 0 ஆக்குங்கள். இரண்டு சிப்புக்கும் 0 அனுப்பி எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள்.

2. முதல் சிப்புக்கு வரம்பு, இரண்டாவதுக்குப் புரோப். இரண்டையும் படித்துச் சரிபார்த்து ஒரு மில்லி செகண்ட் பொறுங்கள்.

3. 8-ஐ உயர்த்தி, 9-ஐத் தாழ்த்தி, 350 மைக்ரோ செகண்ட் பொறுத்து ஏ0-வைப் படியுங்கள். ஊனோவில் ஒரு படிப்புக்குச் சுமார் 104 மைக்ரோ செகண்ட் ஆகும். உடனே 8-ஐத் தாழ்த்தி, 9-ஐ உயர்த்தி, அதே 350 பொறுத்து மறுபடி படியுங்கள். இது ஒரு சுற்று, கிட்டத்தட்ட 1 கிலோ ஹெர்ட்ஸ்.

4. முதல் 8 சுற்றை விட்டுவிடுங்கள். அடுத்த 64 சுற்றின் சராசரியை எடுங்கள்.

5. முதல் அரைச்சுற்றின் சராசரியோடு 1023-ஐ (ஏ0 காட்டும் உச்ச எண்) கூட்டி, இரண்டாவதின் சராசரியைக் கழித்து, பாதியாக்குங்கள். இதுதான் அளவு. அது 200-க்கும் 820-க்கும் நடுவில் இல்லையென்றால் வரம்பை மாற்றி மறுபடி அளவெடுங்கள்.

6. இரண்டு சிப்புக்கும் மறுபடி 0. புரோபைச் சும்மா மின்சாரத்தில் ஊறவிடாதீர்கள்.

ஐந்தாம் படியின் பாதிக் கணக்கு அலங்காரம் இல்லை. இரண்டு கம்பியும் தண்ணீரில் ஒரு சிறு பேட்டரி போல வேலை செய்யும், சில பத்து மில்லி வோல்ட் தானாகவே பிறக்கும். அது இரண்டு அரைச்சுற்றிலும் ஒரே திசையில் தள்ளும். கழிக்கும்போது அடிபட்டுப் போகும். இரண்டு சராசரியின் கூட்டுத்தொகை 1023-ஐ ஒட்டி இருக்க வேண்டும். நாளாக ஆக அது விலகிக்கொண்டே போனால் கம்பியில் ஏதோ படிகிறது என்று பொருள். இந்தக் கூட்டுத்தொகையையும் பதிவில் சேர்த்து வையுங்கள்.

மூன்றாம் படியின் சுற்றுக்குள் சீரியல் பிரிண்ட் எதுவும் வைக்காதீர்கள். ஒரு அரைச்சுற்று மட்டும் நீண்டால் அந்தப் பக்கம் நேர்மின்சாரம் மிஞ்சும். அச்சிடுவதெல்லாம் 64 சுற்று முடிந்த பிறகு.

ஓம் எங்கே ஒளிந்திருக்கிறது

ஊனோவின் ஒரு காலுக்கே சுமார் 25 ஓம் உள்தடை உண்டு. ஸ்விட்சின் 2.5 ஓமைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டு இந்த 25-ஐ மறப்பவர்கள்தான் அதிகம். மேல்கையில் வரம்பு ரெசிஸ்டரோடு ஒரு ஸ்விட்சும் 8-ஆம் காலும் சேர்கின்றன. கீழ்க்கையில் புரோபோடு இரண்டு ஸ்விட்சும் 9-ஆம் காலும் சேர்கின்றன. இவற்றைத் தனித்தனியாக அளக்கத் தேவையில்லை. இரண்டே அளவில் கண்டுபிடித்துவிடலாம்.

முதல் புரோபின் டெர்மினலில் புரோபைக் கழற்றிவிட்டு ஒரு சிறு கம்பியால் ஷார்ட் செய்யுங்கள். 330 ஓம் வரம்பில் அளவெடுங்கள். பூஜ்யம் வராது, 79 போல வரும். அளவை 1023-லிருந்து கழித்தால் 944. 79-ஐ 944-ஆல் வகுத்தால் 0.0837. அடுத்து அதே டெர்மினலில் 0.1 சதவீத 1 கிலோவைக் கட்டி அதே வரம்பில் அளவெடுங்கள். 759 வந்தால், 759-ஐ 264-ஆல் வகுக்க 2.875. இரண்டுக்கும் வித்தியாசம் 2.791. 1000-ஐ அதனால் வகுத்தால் 358.3, இதுதான் மேல்கையின் உண்மையான ஓம். அதை 0.0837-ஆல் பெருக்கினால் 30, கீழ்க்கையில் புரோபுக்கு முன்னாலேயே இருக்கும் ஓம். 330 என்று எழுதியிருந்த இடத்தில் 358 இருக்கிறது. இதைத் திருத்தாமல் 20 ஓம் கடல்நீரை அளந்தால் விடை எங்கே போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

மற்ற வரம்புகளுக்கும் இதையே செய்யுங்கள். 3.3 கிலோ, 10 கிலோ வரம்புகளில் 1 கிலோவுக்குப் பதில் வரம்புக்கு நெருக்கமான, மதிப்பு தெரிந்த ரெசிஸ்டரைக் கட்டினால் கணக்கு துல்லியமாகும். நான்கு மேல்கை எண்ணையும் ஒரு கீழ்க்கை எண்ணையும் ஈப்ராமில் (மின்சாரம் போனாலும் அழியாத நினைவகத்தில்) எழுதிவையுங்கள்.

இனி ஒவ்வொரு அளவுக்கும்: அளவை (1023 கழித்தல் அளவு) ஆல் வகுத்து, மேல்கை ஓமால் பெருக்கி, கீழ்க்கை 30-ஐக் கழித்தால் புரோபின் ஓம்.

பலகையிலுள்ள எஸ்5 சோதனை ரெசிஸ்டரைத் தினம் ஒருமுறை 1 கிலோ வரம்பில், அதாவது முதல் சிப்புக்கு 18, இரண்டாவதுக்கு 0 அனுப்பிப் பாருங்கள். 511, 512 என்று நடுவில் நிற்க வேண்டும். நின்றால் மின்சுற்று நலம், மாற்றம் எதுவானாலும் அது தண்ணீரில்தான்.

புரோப்

316 கம்பியை 8 சென்டிமீட்டராக வெட்டி, இரண்டையும் 10 மில்லிமீட்டர் இடைவெளியில் ஒரு பிவிசி மூடியில் துளையிட்டுச் செருகுங்கள். பின்பக்கம் கம்பி இணைப்பு முழுவதையும் எபாக்சியால் மூடுங்கள். தண்ணீரில் நிற்கும் நீளம் ஒவ்வொரு முறையும் மாறினால் செல் மாறிலியும் மாறும். அதனால் கம்பியின் கடைசி அரை சென்டிமீட்டர் அளவை மட்டும் விட்டு மேற்பகுதியை ஹீட் ஷ்ரிங்கால் உறையிடுங்கள், புரோப் எப்போதும் அந்த உறைக்கு மேல்வரை முங்கியிருக்கட்டும். ஸ்டெயின்லெஸில் சாதா ஈயம் ஒட்டாது, அதற்குரிய ஃப்ளக்ஸ் வேண்டும். அல்லது முனையில் மறை போட்டு நட்டால் இறுக்குங்கள்.

வயலுக்கு, நீர்மறைய நீர்கட்டும் முறையில் பயன்படும் துளையிட்ட பிவிசி குழாயே நல்ல இடம். குழாய் 30 சென்டிமீட்டர், அதில் பாதி மண்ணுக்குள். புரோபை அடியில் இறக்கினால் மேல்நீர் வற்றி 15 சென்டிமீட்டர் கீழே போகும்வரை வேர்ப்பகுதித் தண்ணீரையே அளக்கும். தண்ணீர் அதற்கும் கீழே போனால் 10 கிலோ வரம்பிலும் அளவு 1000-ஐத் தாண்டும். அதை உப்பே இல்லாத தண்ணீர் என்று கொள்ளாமல் "தண்ணீர் இல்லை" என்று பதியச் சொல்லுங்கள்.

செல் மாறிலி

பொட்டாசியம் குளோரைடு கரைசல்தான் உரைகல். 0.01 மோலார் கரைசல் 25 டிகிரியில் 1.413 டெசி சீமென்ஸ், 0.1 மோலார் 12.88. லிட்டருக்கு 0.7455 கிராம் எடை போடுவது வீட்டில் கடினம். 7.455 கிராமை நகைத் தராசில் நிறுத்து, வாலைவடிநீரில் (பேட்டரித் தண்ணீரில்) கரைத்து, ஒரு லிட்டராக்குங்கள். இது 12.88. இதிலிருந்து 100 மில்லி எடுத்து மறுபடி ஒரு லிட்டராக்கினால் 1.413. ஒரே எடையில் இரண்டு உரைகல்.

உரக்கடைப் பொட்டாஷும் பொட்டாசியம் குளோரைடுதானே என்று அதைக் கரைக்காதீர்கள். அதில் சாதா உப்பும் மண்ணும் கலந்திருக்கும். ஆய்வகத் தரப் பொடி சிறு புட்டி போதும், அதையும் 105 டிகிரியில் உலர்த்தி நிறுக்க வேண்டும். கடையில் வாங்கும் பேட்டரித் தண்ணீரை முதலில் இதே கருவியில் வையுங்கள். 10 கிலோ வரம்பிலும் அளவு உச்சியை ஒட்டி நின்றால் நல்லது. கீழே இறங்கி வந்தால் வேறு புட்டி.

1.413 கரைசலை 25 டிகிரியில் வைத்து 1 கிலோ வரம்பில் அளவெடுத்து, புரோபின் ஓம் 715 என்று வந்தால், கிலோ ஓமில் 0.715-ஐ 1.413-ஆல் பெருக்க 1.01. இதுதான் அந்தப் புரோபின் செல் மாறிலி. ஒவ்வொரு புரோபுக்கும் தனியாக எடுத்து, மூடியிலேயே எண்ணைப் பொறித்துவிடுங்கள். பிறகு 12.88-ல் வைத்துப் பாருங்கள். அங்கே 5 சதவீதத்துக்கு மேல் குறைந்து காட்டினால் கீழ்க்கை ஓமைச் சரியாகக் கழிக்கவில்லை. திரும்பிப் போய் ஷார்ட் அளவை மறுபடி எடுங்கள்.

வெப்பநிலையை விட்டுவிடாதீர்கள். ஒரு டிகிரிக்குச் சுமார் 2 சதவீதம் கூடும். 330 ஓம் வரம்பில் 312 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 312-ஐ 711-ஆல் வகுத்து, 358-ஆல் பெருக்கி, 30-ஐக் கழித்தால் 127 ஓம். 1.01-ஐ 0.127-ஆல் வகுத்தால் சுமார் 7.95 டெசி சீமென்ஸ். தண்ணீர் 32 டிகிரி என்றால் 1.14-ஆல் வகுத்து 7 என்று கொள்ள வேண்டும். நடுப்பகலில் தேங்கிய வயல்நீர் இதைவிடவும் சூடாக இருக்கும்.

பாசனத் தண்ணீரைப் பொறுத்தவரை 0.7-க்குக் கீழே கவலையில்லை, 3-க்கு மேலே போனால் ஆபத்து. நடுவில் இருந்தால் வடிகால் வசதியும் மண்ணும் முடிவு செய்யும். மேலே சொன்ன 3 மண்சாற்றின் எண், இது பாசன நீரின் எண். இரண்டையும் குழப்பாமல் படியுங்கள்.

வயலில் கெட்டுப்போகும் இடங்கள்

ஐ2சி கம்பியை வயலுக்கு இழுக்காதீர்கள். அந்த பஸ் தாங்குவது 400 பிகோ ஃபாரட்தான். கேபிள் மீட்டருக்கு 50 முதல் 100 பிகோ ஃபாரட் வரை எடுத்துக்கொள்ளும், சில மீட்டரிலேயே தீர்ந்துவிடும். சிப்புகள் ஊனோவுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும், நீளுவது புரோப் கம்பியாக இருக்கட்டும். 10 மீட்டர் புரோப் கேபிளில் ஒரு நானோ ஃபாரட் வந்தாலும், 10 கிலோ ஓமோடு சேர்ந்து 10 மைக்ரோ செகண்ட்தான் தாமதம். நாம் 350 பொறுக்கிறோம்.

எழுதிக்கொண்டிருக்கும்போது ஊனோ ரீசெட் ஆனால், ஏதாவது ஒரு சிப் எஸ்டிஏ-வைத் தாழ்த்திப் பிடித்தபடி நின்றுவிடலாம். அதன்பின் பஸ்ஸில் எதுவும் நடக்காது. செட்டப்பின் முதல் வேலையாக எஸ்டிஏ தாழ்ந்திருக்கிறதா என்று பாருங்கள். தாழ்ந்திருந்தால் எஸ்சிஎல்-ஐ 9 முறை ஆட்டி, ஒரு ஸ்டாப் கொடுத்து, பிறகு வயர் நூலகத்தைத் தொடங்குங்கள். நூலகத்தின் டைம்-அவுட்டையும் போட்டுவையுங்கள், இல்லையென்றால் கோட் அங்கேயே உறைந்துபோகும்.

ஈரப்பதம் இந்தப் பகுதியின் பெரிய எதிரி. கடலோரக் காற்றின் உப்பு பலகையில் படிந்து இரவில் ஈரமானால் கால்களுக்கு நடுவே தடை உருவாகும். கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. இரண்டாவது சிப்புக்கு 0, முதல் சிப்புக்கு 8 அனுப்பி அளவெடுங்கள். எந்தப் புரோபும் சுற்றில் இல்லை, 1023 வர வேண்டும். 1010 வந்தால் எங்கோ 780 கிலோ ஓம் அளவுக்குக் கசிகிறது. பலகையை ஐசோ புரொப்பைல் ஆல்கஹாலில் கழுவி, உலர்த்தி, கன்ஃபார்மல் கோட்டிங் (ஈரம் புகாத பூச்சு) அடியுங்கள். கோட்டிங்குக்கு முன் கழுவாவிட்டால் உப்பை உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும்.

புரோப் கம்பிகளுக்கு மின்னல் பாதுகாப்பு வேண்டும். ஆனால் 5 வோல்ட் டிவிஎஸ் டயோடு (மின்னழுத்தப் பாய்ச்சலை அடக்கும் டயோடு) என்று எதையாவது எடுத்துக் கட்டிவிடாதீர்கள். எஸ்எம்ஏஜே5.0ஏ போன்றவை 5 வோல்ட்டில் நூற்றுக்கணக்கான மைக்ரோ ஆம்பியர் கசியவிடக்கூடியவை. 10 கிலோ வரம்பில் நம் மொத்த மின்னோட்டமே அவ்வளவுதான். பிஏவி99 இரட்டை டயோடைச் சப்ளைக்கும் தரைக்கும் நடுவே பிடியுங்கள், கசிவு மிகக் குறைவு. நேரடி இடிக்கு இது எதுவும் நிற்காது. ஐப்பசி, கார்த்திகையில் இடி முழங்கும்போது புரோப் சாக்கெட்டைக் கழற்றிவிடுவதுதான் பாதுகாப்பு.

கம்பியில் பாசியும் செம்படலமும் படியும். வாரம் ஒருமுறை மென்மையான பிரஷ், மாதம் ஒருமுறை பத்து நிமிடம் வினிகரில் ஊறல், பிறகு நல்ல தண்ணீரில் கழுவல். உப்புத்தாள் வைத்துத் தேய்க்காதீர்கள், மேற்பரப்பு மாறினால் செல் மாறிலியை மறுபடி எடுக்க வேண்டும்.

வடிகாலில் வைத்த புரோப் ஒரே நாளில் இரண்டு முறை ஏறி இறங்கினால் கருவியைச் சந்தேகிக்கும் முன் ஓதத்தின் நேரத்தைப் பாருங்கள். முகத்துவாரத்தை ஒட்டிய வடிகால்களில் மதகு சரியாக மூடாதபோது கடல்நீர் அந்த வழியாகத்தான் உள்ளே ஏறுகிறது. அந்தச் சமயம் வயல் மடையைத் திறந்து வைத்திருந்தால் உடனே அடைத்துவிடுங்கள்.